சரக்கேற்றும் தொழிலும் பத்திரிகைத் தொண்டும்

(புதுவையில் கூடிய நமது சங்க அங்கத்தினர் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



நமது சங்கக் கூட்டங்களில் பிள்ளைகளின் கல்வியைப்பற்றியும், விவாகச் செலவைக் குறைப்பதைப்பற்றியும், சேமிப்பைப்பற்றியும் பலர் பேசக் கேட்டிருக்கிறோம். இன்று யாம் எடுத்துக்கொண்ட விஷயம் சற்று வேறானது. சரக்கேற்றும் தொழிலைச் செய்வோர் தமக்கென அமைத்துக்கொண்ட சங்கங்கள், பத்திரிகைகளின் வாயிலாகவும் இக்காலத்துப் பிற சாதனங்களின் வாயிலாகவும் பொதுமக்களிடம் எவ்வாறு பேசவேண்டும் என்பதே அது. இது லாரி முதலாளிகளின் காரியம், நமக்கென்ன என்று ஒருவரும் எண்ணலாகாது. இங்கு அமர்ந்திருப்போரின் குடும்பங்களில் லாரி உடையவர் உண்டு. கூலிக்கு அதனை ஓட்டுபவர் உண்டு. புக்கிங் ஆபீஸில் கணக்கெழுதுபவர் உண்டு. கிட்டங்கியில் மூட்டை தூக்குபவர் உண்டு. இத்தொழிலின் பெயர் கெடின் இவ்வனைவருடைய வீட்டு அடுப்பும் அதனை உணரும்.

பொதுஜனங்கள் இத்தொழிலை நினைப்பது இரண்டே சந்தர்ப்பங்களில். லாரிகள் ஓடமாட்டா என்று அறிவிக்கும் நாள் ஒன்று. லாரியொன்று எவர்மீதேனும் மோதிய நாள் மற்றொன்று. முதல் நாளில் நாம் பிடிவாதக்காரர். இரண்டாம் நாளில் கொலைகாரர். மற்றைய நாட்களில், இரவெல்லாம் கண்விழித்து அரிசியும் மருந்தும் சிமெண்டும் கொணர்ந்து சேர்ப்பவனைப்பற்றி ஒருவரும் கேட்பதில்லை. இதனைப் பத்திரிகைகளின் குற்றமென்று மட்டும் சொல்லிவிடுவது நியாயமன்று. ஓடுகிற வண்டி செய்தியாவதில்லை. நின்ற வண்டியே செய்தியாகிறது. ஆதலின், வண்டி ஓடுகிற நாளிலேயே பேசுதல் தொழிற்சங்கங்களின் கடமையாகிறது. அப்பேச்சு மெய்யாயிருக்கவேண்டும், உடையவன் குரலோடு ஓட்டுபவன் குரலும் அதில் கேட்கவேண்டும். இவையே யாம் இன்று சொல்ல வந்தவை.

நம் புதுவையின் நிலைமையை முதற்கண் நோக்குவோம். இவ்வூரைச் சூழ்ந்திருப்பது தமிழ்நாடு. கோரிமேட்டைத் தாண்டினாலும் கன்னியக்கோயிலைத் தாண்டினாலும் நாம் வேற்று எல்லையில் நிற்கின்றோம். நம் ஆட்சிப்பகுதியைச் சேர்ந்த காரைக்கால் ஏறக்குறைய 130 கிலோமீட்டர் தெற்கே இருக்கிறது, மாகி கேரளக் கரையில், ஏனாம் ஆந்திரத்தில். பிரெஞ்சு அரசாங்கத்தின் காலத்தில் இவ்வூரைச் சுற்றிலும் சுங்கக் காவல் இருந்தது. 1954 நவம்பர் 1ஆம் தேதி ஆட்சி கைமாறிய பின்னர் அக்காவல் ஒழிந்தது. ஆயினும் மாநில வரிக்கான சோதனைச் சாவடிகள் நாடெங்கும் நெடுங்காலம் இருந்தன. 2017 ஜூலை 1ஆம் தேதி சரக்கு சேவை வரி வந்ததும் அவையும் பெரும்பாலும் எடுக்கப்பட்டன. 2018 ஏப்ரல் முதல் மின்வழிச் சீட்டு அவற்றின் இடத்தைப் பிடித்தது.

கடல்வழியோ வேறு கதை. 1866இல் கட்டப்பட்ட பழைய இரும்புப் பாலத்தை 1952ஆம் ஆண்டுப் புயல் கொண்டுபோயிற்று. 1962இல் எழுந்த புதிய பாலத்தின் ஒரு பகுதியும் 2022இல் இடிந்து வீழ்ந்தது. விழுப்புரத்திலிருந்து இருப்புப்பாதை 1879 முதல் உண்டெனினும், நம் கடைத்தெருவுக்கு வேண்டியவற்றுள் பெரும்பாகம் சாலைவழியே வருகிறது. மேட்டுப்பாளையம், தட்டாஞ்சாவடி, சேதராப்பட்டு ஆகிய தொழிற்பேட்டைகளில் செய்யும் பொருள்களும் சாலைவழியே வெளியேறுகின்றன. எல்லா எல்லைகளையும் லாரியால் கடந்து வாழும் ஊர் லாரிக்காரனை அறியாதிருப்பது விந்தையன்றோ?

இவ்வூருக்கு வணிகத்தைப்பற்றி எழுதிவைக்கும் வழக்கம் புதியதன்று. துபாஷி ஆனந்தரங்கப் பிள்ளை 1736 முதல் 1761 வரை எழுதிய தினசரியில், எந்தக் கப்பல் வந்தது, எந்தச் சரக்கு இறங்கிற்று, வணிகர் யாது பேசினர் என்பவை தமிழில் பதிந்திருக்கின்றன. அரசியற் சூழ்ச்சிகளுக்கு இடையே கப்பல் வரவையும் எழுதத் தக்க செய்தியாக அவர் கருதினார். சரக்கின் வரவு ஊரின் வாழ்வு என்பதை அவர் அறிந்திருந்தார்.

மற்றொரு சரித்திரமும் நமக்கு உண்டு. 1906இல் வ. உ. சிதம்பரம் பிள்ளையவர்கள் தூத்துக்குடியில் சுதேசிக் கப்பற் கம்பெனியை ஏற்படுத்தினார். மூலதனம் 10 லட்சம் ரூபாய். பங்கு ஒன்றுக்கு 25 ரூபாய். வெள்ளையர் கம்பெனி கட்டணத்தைக் குறைத்துக்கொண்டே வந்து இவர்களை நசுக்க முயன்றது. அவ்வளவு மலிவை விட்டுவிட்டு ஜனங்கள் சுதேசிக் கப்பலில் ஏறியதன் காரணம் யாது? அக்கப்பல் எதற்காக ஓடுகிறது என்பது அவர்களுக்குச் சொல்லப்பட்டிருந்தது. மேடைகளில் பிள்ளையவர்கள் பேசினார். பாரதியாரின் ‘இந்தியா’ போன்ற பத்திரிகைகள் எழுதின. அந்த ‘இந்தியா’ பத்திரிகை 1908இல் நம் புதுவைக்கே வந்து, 1910 வரை இங்கிருந்து வெளிவந்தது. 1908 மார்ச்சில் பிள்ளையவர்கள் சிறைப்பட்டபின் கம்பெனி தளர்ந்தது, 1911இல் கலைக்கப்பட்டது. பத்திரிகையின் நல்வார்த்தை மட்டும் கப்பலை மிதக்கவைக்காது என்பதும் உண்மை. ஆயினும், சரக்கும் ஆளும் ஏற்றும் ஒரு தொழிலின் பொருட்டுப் பொதுஜனங்கள் தம் கைப்பணத்தை விட்டுக்கொடுத்தனர் என்றால், அது சொல்லின் வலிமை.

இனி இக்காலத்துச் சங்கங்களுக்கு வருவோம். அகில இந்திய மோட்டார் போக்குவரத்துக் காங்கிரஸ் 1936இல் தோன்றிய பழைய ஸ்தாபனம். தமிழ்நாட்டில் நாமக்கல்லைச் சார்ந்து வலிய லாரி உரிமையாளர் சம்மேளனம் இயங்கிவருகிறது. இவை கோரிக்கைகளை எழுதுகின்றன; மந்திரிகளைச் சந்திக்கின்றன; பத்திரிகையாளரை அழைத்துப் பேசுகின்றன. இத்தொண்டின் பலமும் பலவீனமும் அண்மைக்கால நிகழ்ச்சிகள் சிலவற்றால் விளங்கும்.

2018 ஜூலை 20ஆம் தேதி தொடங்கி 8 நாட்கள் நாடெங்கும் லாரிகள் நின்றன. டீசல் விலை, சுங்கச்சாவடிகளின் தொல்லை, மூன்றாம் நபர் இன்ஷ்யூரன்ஸ் கட்டணம் ஆகியவை கோரிக்கைகள். அவை வீணான கோரிக்கைகள் அல்ல. ஒரு லாரி வாடகையில் பெரும்பங்கு டீசலுக்கே போகிறது. வாடகை பேசிய நாளில் ஒரு விலையும், சரக்கு இறக்கிய நாளில் வேறு விலையுமானால் ஒற்றை லாரி வைத்திருப்பவனுக்கு மிஞ்சுவது யாது? இவ்வளவும் உண்மையாயிருந்தும், கறிகாய் விலை ஏறுமா என்பதே வீட்டாரின் கவலையாயிற்று. டீசல் கணக்கை அதற்கு முந்திய ஆண்டுகளிலெல்லாம் எளிய தமிழில் அவர்களுக்கு எடுத்துரைத்தவர் எத்தனை பேர்? கணக்கை முன்னரே சொல்லாதவன் சண்டை நாளில் சொல்லத் தொடங்கினால், அது சாக்குப்போக்காகவே காதில் விழும்.

இதற்கு மாறான நிகழ்ச்சி 2020இல் நடந்தது. மார்ச் 25ஆம் தேதி முதல் நாடு முழுதும் அடைக்கப்பட்டது. அத்தியாவசியப் பொருள்கள் மட்டும் போகலாம் என்றனர். பிற சரக்கேற்றிய லாரிகள் வழியில் நின்றன; உணவுக்கடைகள் மூடியிருந்தன; ஓட்டுநர் பலர் வண்டியை விட்டகலவும் இயலாமல், சோற்றுக்கும் வழியின்றித் தவித்தனர். போக்குவரத்துச் சங்கங்கள் இந்நிலையை எடுத்துரைத்தன. பத்திரிகைகள் ஓட்டுநரின் துன்பத்தை எழுதின. மார்ச் 29ஆம் தேதி மத்திய உள்துறைச் செயலாளர், அத்தியாவசியம் அல்லாதது என்ற பேதமின்றி எல்லாச் சரக்கும் செல்லலாமென்று மாநிலங்களுக்குத் தெரிவித்தார். ஏப்ரல் 15ஆம் தேதி வெளியான விதிகளில், நெடுஞ்சாலை உணவுக்கடைகளும் லாரி பழுதுபார்க்கும் கடைகளும் திறக்க இடமளிக்கப்பட்டது. இவ்வுத்தரவுகள் சங்கங்களின் அறிக்கையால் மட்டும் விளைந்தன என்று யாம் கூறோம். ஆயினும், ‘நமக்கு நஷ்டம்’ என்பதற்கு முன்னதாக ‘ஒருவன் பசித்திருக்கிறான்’ என்று சொல்லப்பட்டபோது நாடு செவிகொடுத்தது என்பதை நாம் மறத்தலாகாது.

அடுத்து, மெய்யைப்பற்றிச் சிறிது சொல்லவேண்டும். 2024 ஜனவரி முதல் இரண்டு நாட்களில் வட இந்தியாவில் ஓட்டுநர் திரள்திரளாக வண்டிகளை நிறுத்தினர். பெட்ரோல் நிலையங்களில் ஜனங்கள் நெடுவரிசையில் நின்றனர். காரணம், புதிய பாரதிய நியாய சங்கிதையின் 106ஆம் பிரிவின் இரண்டாம் உட்பிரிவு. கவனக்குறைவாக வண்டி ஓட்டி மரணம் விளைவித்து, போலீசாருக்கோ மாஜிஸ்திரேட்டுக்கோ தெரிவிக்காமல் ஓடிவிடுபவனுக்கு 10 ஆண்டுவரை சிறைத்தண்டனை விதிக்க அது இடந்தருகிறது. பழைய சட்டத்தில் கவனக்குறைவான மரணத்துக்கு அதிகபட்சம் 2 ஆண்டே. விபத்து நடந்த இடத்தில் நின்றால் கூட்டம் அடித்துக் கொல்லும், ஓடினால் சட்டம் கொல்லும் என்ற ஓட்டுநரின் அச்சம் மெய்யான அச்சம். ஆனால் அத்துடன் 7 லட்சம் ரூபாய் அபராதம் என்னும் ஒரு செய்தி கைப்பேசி கைப்பேசியாகப் பரவிற்று. சட்டத்தில் அபராதம் உண்டேயன்றி அத்தொகை கிடையாது. இப்பொய்யெண் நம்மவரின் நியாயமான வழக்குக்கு என்ன நன்மை செய்தது? எதிர்ப்பக்கத்தார் அவ்வொன்றைக் காட்டியே, இவர்கள் சட்டத்தைப் படியாமற் கூச்சலிடுகின்றனர் என்று சொல்ல இடமாயிற்று. முதல் வதந்தி எழுந்த அன்றே, உட்பிரிவின் வாசகத்தை அந்தந்தப் பாஷையில் அச்சிட்டு ஒவ்வோர் ஓட்டுநர் கையிலும் கொடுத்திருப்பின், வாதம் வலுவடைந்திருக்கும்.

எண்களைப்பற்றி மற்றொன்று. இந்தியாவில் சரக்குப் போக்குவரத்துச் செலவு நாட்டின் மொத்த உற்பத்தியில் 13 அல்லது 14 சதவீதம் என்று பல்லாண்டுகள் எல்லா மேடைகளிலும் சொல்லிவந்தனர். சர்க்காரும் சொல்லிற்று, வணிக சபைகளும் சொல்லின. பின்னர் 2023இல் தேசியப் பயன்முறைப் பொருளாதார ஆய்வுக்குழு கணக்கெடுத்தபோது, 2021-22ஆம் ஆண்டுக்கு அது 7.8 முதல் 8.9 சதவீதம் வரையே என்று கண்டது. எல்லோரும் சொல்வதனால் ஓர் எண் மெய்யாகிவிடாது. நம் சங்கங்கள் நாளைக்கு ஒரு நஷ்டக் கணக்கை வெளியிடும்போது, ‘இதனை எவ்வாறு கண்டீர்?’ என்று ஓர் இளம் நிருபர் கேட்பின், காட்டுதற்குத் தாள் இருக்கவேண்டும். இல்லையேல் அந்த எண்ணை விடுத்து, பத்து லாரிகளின் உண்மைக் கணக்கை வைத்தல் சாலச்சிறந்தது.

நன்கு வைத்த எண்ணுக்கு இங்கிலாந்திலிருந்து ஓர் உதாரணம் காட்டலாம். 2021 ஜூனில் அந்நாட்டுச் சாலைச் சரக்கேற்றுவோர் சங்கம், 1 லட்சத்துக்கு மேற்பட்ட ஓட்டுநர் குறைவாயிருப்பதாகப் பிரதம மந்திரிக்குக் கடிதம் எழுதி, அதனைப் பகிரங்கப்படுத்திற்று. செப்டம்பரில் பெட்ரோல் நிலையங்களில் ஜனங்கள் முண்டியடித்தபோது, குறை எங்கேயென்று நாடு புதிதாகத் தேடவேண்டியிருக்கவில்லை. மூன்று மாதத்துக்கு முன்னரே சொல்லப்பட்டிருந்தது. அரசாங்கம் 5,000 அயல்நாட்டு ஓட்டுநருக்குத் தற்காலிக அனுமதி அளிக்க முன்வந்தது. ராணுவத்தாரும் எண்ணெய் லாரி ஓட்ட வந்தனர். இடுக்கண் வருமுன் சொல்லிய சொல்லே இடுக்கணில் நம்பப்படுகிறது.

அன்பர்களே, இப்பொழுது மிகவும் முக்கியமான பகுதிக்கு வருகிறோம். 2024 ஜனவரி 2ஆம் தேதி இரவு மத்திய உள்துறைச் செயலாளர், மோட்டார் போக்குவரத்துக் காங்கிரஸ் பிரதிநிதிகளுடன் பேசினார். அவ்வுட்பிரிவு இன்னும் அமலுக்கு வரவில்லையென்றும், அவர்களைக் கலந்த பின்னரே முடிவு செய்யப்படும் என்றும் அறிவித்தார். சங்கத்தாரும் ஓட்டுநரை வேலைக்குத் திரும்பும்படி கேட்டுக்கொண்டனர். அவ்வாறே 2024 ஜூலை 1ஆம் தேதி புதிய சட்டம் நடைமுறைக்கு வந்தபோது அந்த உட்பிரிவு மட்டும் நிறுத்திவைக்கப்பட்டது. இது பெரிய வெற்றியே. ஆயினும் ஒன்றை நோக்குங்கள். வண்டியை நிறுத்தியவர் ஓட்டுநர். மேஜையருகே அமர்ந்தவர் உடையவர்களின் பிரதிநிதிகள். அந்நாளில் இருவர் நலனும் ஒன்றாயிருந்தமையால் காரியம் கைகூடிற்று. பேட்டா உயர்வு, ஓய்வு நேரம், இரவுத் தங்கல், வண்டியின் பிரேக்கு ஆகியவற்றில் இருவர் நலனும் என்றும் ஒன்றாயிருக்குமோ? உடையவர் தம் வாயினின்று வருவதெல்லாம் தொழிலின் குரலென்று சொல்லிக்கொண்டால், ஓட்டுநரும் நம்பார். நாளடைவில் பத்திரிகையும் நம்பாது.

அமெரிக்க தேசத்தில் 1933இல் தோன்றிய லாரிச் சங்கங்களின் கூட்டமைப்பு, 1986 முதல் ஒரு முறையைக் கையாண்டு வருகிறது. நெடுங்காலம் விபத்தின்றி ஓட்டிய ஓட்டுநரைத் தேர்ந்தெடுத்து, அவர்களையே தொழிலின் தூதராகப் பள்ளிக்கூடங்களுக்கும் பொதுக்கூட்டங்களுக்கும் பத்திரிகையாளரிடத்தும் அனுப்புகிறது. லாரியின் அருகே எவ்விடத்தில் வருபவன் ஓட்டுநரின் கண்ணுக்குப் படமாட்டான் என்பதை அவ்வோட்டுநரே பிள்ளைகளுக்கு விளக்குகின்றனர். இதனை நாம் புதுவையிற் செய்யத் தடை யாது? இருசக்கர வண்டியில் கல்லூரிக்குப் போகும் நம் பிள்ளைகளுக்கு, லாரியின் இடப்பக்கம் நுழையாதே என்று சொல்ல, முப்பது ஆண்டு ஓட்டிய ஓர் ஓட்டுநரைவிடத் தக்க ஆசிரியர் எவர்? அவர் சட்டையில் மடிப்புக் கலைந்திருக்கலாம். பேச்சில் இலக்கணம் பிறழலாம். ஆயினும் கேட்பவன் நம்புவான்.

விபத்து நாளில் செய்யவேண்டியதையும் சொல்லிவிடுகிறோம். 2022ஆம் ஆண்டில் இந்தியச் சாலைகளில் 1,68,491 பேர் மாண்டனர் என்பது சர்க்கார் கணக்கு. அத்தனையும் லாரியால் நேர்ந்தவை அல்ல. எனினும் ஒவ்வொன்றும் ஒரு வீட்டின் இருள். அந்நாளில் சங்கத்தின் முதற்சொல் அனுதாபமாயிருக்கவேண்டும். ‘வண்டியில் குறை இல்லை, வந்தவன்மேல்தான் குறை’ என்று விசாரணைக்கு முன் அறிக்கை விடுவது, பிணத்தின்மேல் வழக்காடுவதாகும். தெரிந்ததைச் சொல்க, தெரியாததை விசாரணைக்கு விடுக. குற்றம் நம் பக்கத்ததாயின் மறைத்தலாகாது. அதிக பாரம் ஏற்றுவதை எடுத்துக்கொள்வோம். 2019ஆம் ஆண்டுச் சட்டத்திருத்தத்தின்படி அதற்கு 20,000 ரூபாயும், மிகுந்த ஒவ்வொரு டன்னுக்கும் 2,000 ரூபாயும் அபராதம். அதிக பாரம் ஏற்றச் சொல்லும் சரக்குக்காரனையும், அதற்கு இசையும் உடையவனையும் கண்டிக்காத சங்கம், டீசல் விலையைக் கண்டிக்கும்போது யார் செவிசாய்ப்பர்?

‘பத்திரிகைக்குப் பணம் கொடுத்து நல்லதாக எழுதச்செய்தால் போதாதா?’ என்று வினவுவோர் உண்டு. விளம்பரத்தை விளம்பரமென்று சொல்லி வெளியிடுவதில் தவறில்லை. விலைக்கு வாங்கியதைச் செய்தியென்று காட்டுவது வேறு. அதனை இந்தியப் பத்திரிகைக் கவுன்சில் 2010ஆம் ஆண்டு அறிக்கையிலேயே கண்டித்திருக்கிறது. விலைக்கு வாங்கிய புகழ் விலை கொடுக்கும் நாள்வரைதான் நிற்கும். ‘இதற்கெல்லாம் யாருக்கு நேரம்?’ என்பது மற்றொரு கேள்வி. பெரிய காரியாலயம் வேண்டுவதில்லை. படித்த ஓர் இளைஞரும் ஓர் ஓட்டுநரும் சேர்ந்து, மாதம் ஒருமுறை ஒரு பக்கம் எழுதினால் போதும். இம்மாதம் டீசல் என்ன விலை, சென்னைக்கு ஒரு லோடு என்ன வாடகை, திரும்பு லோடு கிடைக்க எத்தனை நாள் காத்தனர், எந்தச் சாலையில் எந்தப் பள்ளம் அச்சை முறிக்கிறது என்று எழுதி ஊர்ப் பத்திரிகைகளுக்கு அனுப்புக. வாட்ஸ்அப்பில் வரும் எந்தச் சட்டச் செய்தியையும் அவ்விருவர் பார்த்து ஒப்பாமல் அங்கத்தினர் பரப்பாதிருப்பாராக.

இது ஏன் நம் சங்க மேடையில் பேசத்தக்கது என்பதைத் தாய்மார்களுக்குத் தனித்துச் சொல்லவேண்டும். ஓட்டுநர் என்றால் பெண் கொடுக்கத் தயங்குகிறோம். ‘பிள்ளை நல்லவன்தான், ஆனால் லாரி ஓட்டுகிறானே’ என்று பேச்சு நின்றுவிடுகிறது. கிளீனராய்ச் சேர்ந்து தொழில் பழகும் பையன்கள் அருகிவருகின்றனர். அவர்கள் வாராமைக்கு ஊதியம் ஒரு காரணம்; அவமதிப்பு மற்றொரு காரணம். 2025 அக்டோபர் 1 முதல் உற்பத்தியாகும் நடுத்தர, கனரக லாரிகளில் ஓட்டுநர் அறை குளிரூட்டப்பட்டிருக்க வேண்டுமென்று சட்டம் செய்யப்பட்டிருக்கிறது. அறை குளிரலாம், ஊரார் பார்வை குளிராவிடில் அதில் ஏறி அமர ஆள் வேண்டுமே? ஒருவன் தொழிலை ஊர் மதித்தால் அவன் மகள் பள்ளியில் ‘என் தந்தை லாரி ஓட்டுகிறார்’ என்று தலைநிமிர்ந்து சொல்வாள். அம்மதிப்பை முதலில் நாம் நம் வீட்டில் கொடுத்தாலன்றி, பத்திரிகையிற் கேட்க நமக்கு முகம் ஏது?

ஆதலின், சங்கத்தார்முன் யாம் வைக்கும் வேண்டுகோள் மூன்று. இத்தொழிலிலுள்ள நம் அங்கத்தினர், தாம் சேர்ந்திருக்கும் தொழிற்சங்கங்களில், உடையவர் ஒருவரும் ஓட்டுநர் ஒருவருமாக இருவரைப் பத்திரிகைத் தொண்டுக்கு நியமிக்குமாறு கேட்கவேண்டும். மெய்யென்று காட்ட இயலாத எண் ஒன்றையும் வெளியிடுவதில்லையென்று உறுதிகொள்ளவேண்டும். நம் பத்திரிகையிலும் மாதந்தோறும் ஓட்டுநர் எழுதும் ஒரு பக்கத்துக்கு இடம் தரவேண்டும். எழுத இயலாதவர் சொல்ல, அவர் பிள்ளைகள் எழுதட்டும்.

இம்மூன்றினால் டீசல் விலை குறையாது, சுங்கச்சாவடி மறையாது. ஆனால் அடுத்தமுறை ஒரு லாரி நிற்கநேரும்போது, ‘ஏன் நின்றது?’ என்று நம் அண்டை வீட்டார் கோபத்துடன் கேளாமல் கவலையுடன் கேட்பர். அக்கேள்விக்கு மெய்யான விடையை முன்கூட்டியே அவர்கள் கையிற் கொடுத்துவைப்போமாக.